எதை வைத்திருப்பது, எதை விடுவது?



எங்கள் ஊர்களில் பழைய றங்குப்பெட்டி ஒன்று இல்லாத வீட்டைக் காண்பது அரிது. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், ஞானஸ்நானச் சான்றிதழ், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, பாட்டனாரின் கலியாணப் படம், வெளிநாட்டிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேதான் கிடக்கும். பெட்டி நிறைந்து மூடி பூட்டுப்படாமற் போகும்போது, வீட்டுக்காரர் ஒரு நாள் ஆறுதலாக இருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்ப்பார். வைத்திருக்க வேண்டியதை வைப்பார். விட வேண்டியதை விடுவார்.

இன்று அந்தப் பெட்டியின் வேலையைக் கணினியும் கைத்தொலைபேசியும் ஏற்றுக்கொண்டுவிட்டன. ஆனால், இவற்றின் கொள்ளளவு மிகப் பெரிது. ஆகவே, ஆறுதலாக இருந்து பார்க்கும் அந்த ஒரு நாள் வருடக் கணக்காகத் தள்ளிப்போகிறது.

பலாலி வீதியில், உரும்பிராய்ச் சந்திக்கு அண்மையில் ஒரு வீட்டை மனதிலே நினைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவர் காலமாகிவிட்டார். மூத்த மகள் ரொறன்ரோவில், மகன் பாரிசில், இளைய மகன் தாயாரோடு வீட்டிலே. அங்குள்ள கணினியில் தகப்பனார் இருந்த காலத்தில் எழுதிய கடிதங்கள், தோட்டக் கணக்குகள், படமெடுத்து ஏற்றிய உறுதிகள், பேரப்பிள்ளைகளின் முதல் நன்மைப் படங்கள், வட்ஸ்அப்பில் வந்த குரற்பதிவுகள் என ஆயிரக்கணக்கான கோப்புகள் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. காணி விடயமாக ஒரு கடிதம் தேவைப்படுகிறது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. மகள் தொலைபேசியில் சொல்கிறாள்: “அம்மா, நீங்கள் இருந்து கஷ்டப்பட வேண்டாம். தம்பியிட்டச் சொல்லி ஏ.ஐ.யிட்டக் குடுங்கோ. அது எல்லாத்தையும் வாசிச்சு அடுக்கிப் போடும்.”

இது நல்ல யோசனையா? நம்மில் பலருக்கு இது வெறும் வசதி பற்றிய கேள்வியாகத் தோன்றலாம். ஆனால், சற்று ஆழ்ந்து நோக்கின், இதற்குள்ளே ஓர் ஒழுக்கக் கேள்வியும் அடங்கியிருப்பதைக் காணலாம். ஒரு குடும்பத்தின் நினைவுகளை ஒழுங்குபடுத்தும் வேலையை மனிதரல்லாத ஒன்றிடம் ஒப்படைக்கலாமா? ஒப்படைக்கலாமெனின் எதுவரை?

கருவி செய்யும் வேலை

சாட் ஜிபிடி, ஜெமினி, கிளோட் முதலிய செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களைப் பற்றி இன்று கேள்விப்படாதவர் இல்லை. முன்னர் இவை கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவதோடு நின்றன. இப்போது, நாம் அனுமதி கொடுத்தால், கணினியிலுள்ள கோப்புகளைத் தாமே திறந்து வாசிக்கின்றன. அவற்றுக்குப் புதிய பெயர் சூட்டுகின்றன. கோப்புறைகளை, அதாவது நாம் போல்டர் என்று சொல்லும் அடைவுகளை, உருவாக்கி அவற்றுள் கோப்புகளை இடம் மாற்றுகின்றன. சொன்னால் அழிக்கவும் செய்கின்றன.

இந்த வேலையில் அவற்றின் வேகம் வியக்கத்தக்கது. மின்சாரப் பட்டியல்கள் முந்நூறு கிடந்தால் சில நிமிடங்களில் ஆண்டுவாரியாக அடுக்கிவிடும். ஒரே படம் பத்து இடங்களில் கிடந்தால் கண்டுபிடிக்கும். கண்பார்வை குறைந்த முதியவருக்கும், வேலைக்குப் போய் வந்து சமைத்துப் பிள்ளைகளையும் பார்க்கும் தாய்க்கும் இது பெரிய உதவி என்பதை மறுப்பது நியாயமன்று.

ஆயினும், கருவி இதை எவ்வாறு செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அது ஒரு கோப்பை இன்னொன்றோடு ஒப்பிட்டு, எது எதைப்போல இருக்கிறது என்று பார்க்கிறது. திகதி, சொற்கள், படத்தின் தெளிவு, கோப்பின் பெயர் ஆகியவற்றைக் கொண்டு ஊகிக்கிறது. ஒற்றுமையைக் காண்பதில் அது கெட்டிக்காரன். ஆனால், ஒரு பொருள் ஒருவருக்கு எவ்வளவு பெறுமதியானது என்பது அந்தப் பொருளுக்குள் எழுதியிருப்பதில்லை. அது அவருடைய வாழ்க்கையிலே எழுதியிருக்கிறது.

ஒன்றுபோலத் தோன்றுபவை

சில உதாரணங்களைப் பார்ப்போம். 1968-இல் எடுத்த கலியாணப் படத்தைச் சென்ற வருடம் கைத்தொலைபேசியால் படமெடுத்துக் கணினியில் ஏற்றியிருக்கிறீர்கள். அந்தக் கோப்பின் திகதி சென்ற வருடத்துத் திகதி. ஆண்டுவாரியாக அடுக்கும் கருவி, அம்மம்மாவின் கலியாணத்தைப் பேத்தியின் பிறந்தநாளுக்குப் பக்கத்தில் வைத்துவிடலாம். வட்ஸ்அப் மூலம் வந்த படங்களிலோ, எடுத்த நாள், நேரம் முதலிய உட்குறிப்புகள் அனுப்பும்போதே நீங்கிவிடுகின்றன.

நம்மவர் பெயர்களும் அதற்குச் சிக்கலைத் தரும். தகப்பன் பெயர் முன்னாலும் தன் பெயர் பின்னாலும் வருவது நம் வழக்கம். பேரனுக்குப் பாட்டனின் பெயரை வைப்பதும் வழக்கம். அதனால், யோசேப்பு அந்தோனிப்பிள்ளை என்பவர் தகப்பனாகவும், அந்தோனிப்பிள்ளை யோசேப்பு என்பவர் மகனாகவும், மறுபடி யோசேப்பு அந்தோனிப்பிள்ளை என்பவர் பேரனாகவும் ஒரே வீட்டில் இருக்கலாம். மேல்நாட்டுக் குடும்பப்பெயர் முறையைக் கொண்டு பார்க்கும் கருவி, மூன்று தலைமுறையை ஒரே மனிதராக்கிவிடவும் கூடும்.

இன்னொன்று பாமினி எழுத்துரு. யூனிக்கோட் பரவுவதற்கு முன்னர் எங்கள் பகுதியில் பெருந்தொகையான கடிதங்களும் மலர்களும் பாமினியிலேயே தட்டச்சுச் செய்யப்பட்டன. அவை உண்மையில் ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் பொருளின்றிக் கலந்து கிடப்பதுபோலத் தோன்றும். பழுதடைந்த கோப்பு என்று எண்ணிக் கருவி அதை ஒதுக்கிவிட்டால், தகப்பனார் எழுதிய கடிதமல்லவா குப்பைக்குப் போகிறது?

தெளிவில்லாத படங்களை நீக்கு என்று சொன்னால் கருவி நீக்கிவிடும். ஆனால், கை நடுங்க எடுத்த அந்த மங்கலான படமே, இறந்துபோன ஒருவரின் கடைசிப் படமாக இருக்கலாம்.

இவை எல்லாவற்றிலும் கனமான உதாரணம் ஒன்று உண்டு. காணாமற்போன பிள்ளையைத் தேடும் தாய்மாரின் கோப்புகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். பொலிசுக்கு ஒரு முறைப்பாடு. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒன்று. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒன்று. 2010-இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவுக்கு ஒன்று. 2013-இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவுக்கு ஒன்று. 2016-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்படுத்தப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு இன்னொன்று. எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே சொற்கள், அதே பெயர், அதே படம். வேறுபடுவது மேலே இருக்கும் திகதியும், கீழே இருக்கும் முத்திரையும், ஓரத்தில் எழுதிய ஓர் இலக்கமுமே. “ஒன்றுபோன்ற பிரதிகளை நீக்கி ஒன்றை மட்டும் வைத்திரு” என்று கருவிக்குச் சொன்னால் என்ன நடக்கும்? அது தன் வேலையைப் பிழையின்றிச் செய்ததாகவே கணக்குக் காட்டலாம். ஆனால், அந்தத் தாய் ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றாள் என்பதற்கு இருந்த சாட்சியம் போய்விடும். நீதி கேட்டு ஆறு முறை தட்டியதும் ஒரு முறை தட்டியதும் ஒன்றாகிவிடும்.

ஆகவே, ஒழுங்குபடுத்துதல் என்பது தூசி தட்டுவது போன்ற வேலை அன்று. இது முக்கியம், இது அற்பம். இது எங்களுடையது, இது வேண்டாதது என்று தீர்ப்பிடும் வேலை அது. தீர்ப்பிடுபவன் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

1995-இல் நாம் எடுத்துச் சென்றவை

இந்தத் தீர்ப்பு எவ்வளவு பாரமானது என்பதை நம் மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30 மாலை வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது, ஒவ்வொரு குடும்பமும் சில மணி நேரத்துக்குள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருந்தது: எதை எடுப்பது, எதை விடுவது? உரும்பிராய் மக்களும் அந்தக் கூட்டத்தில் நடந்தவர்களே. மழைக்குள்ளே, சைக்கிளிலும் தலையிலும் சுமந்து சென்றவர்களின் பைகளில் உறுதியும் சான்றிதழ்களும் இருந்தன. அவற்றோடு, பிறர் கண்ணுக்குப் பயனற்றதாகத் தோன்றும் ஏதோ ஒரு பொருளும் பலருடைய பைகளில் இருந்தது: ஒரு செபமாலை, ஒரு பழைய படம், ஒரு குழந்தைச் சட்டை. அந்தப் பையைக் கட்டும் வேலையை அயலவரிடம் கொடுக்க எவரும் நினைக்கவில்லை. அயலவர் நல்லவரல்லர் என்பதனால் அன்று. அவருக்குத் தெரியாது என்பதனால்.

இன்று அந்த அவசரம் இல்லை. ஆனால், கேள்வி அதே கேள்விதான். அன்று நேரமில்லாமையால் விட்டுவந்தவற்றுக்காக இன்றும் வருந்துகிறோம். நேரம் இருக்கும் காலத்தில், சோம்பலினால் பையைக் கட்டும் வேலையை வேறொன்றிடம் முழுவதுமாகக் கொடுத்துவிட்டால், பின்னால் வரும் பிள்ளைகளுக்கு என்ன சமாதானம் சொல்வோம்?

ஒப்படைத்தலின் முறை

அப்படியாயின் கருவியைத் தொடவே கூடாதா? அப்படியன்று. வேலையை ஒப்படைப்பது மனித வாழ்வுக்கு இயல்பானது. திருவள்ளுவர் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரத்தை 51-ஆவதாகவும், ‘தெரிந்து வினையாடல்’ என்பதை 52-ஆவதாகவும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். முதலில் ஆளை ஆராய்ந்து தெளிதல். அதன் பிறகே வேலையைக் கொடுத்தல். இந்த வரிசையை மாற்றி, முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு ஆராய்வதே இக்காலத்தின் அவசரம்.

அந்த அவசரத்தின் விளைவுக்கு ஓர் உதாரணம் 2025 யூலையில் பத்திரிகைகளில் வந்தது. கூகிள் நிறுவனத்தின் ஜெமினி சி.எல்.ஐ. என்ற கருவியிடம் ஒரு பாவனையாளர், தம்முடைய கோப்புகளைப் புதிய கோப்புறை ஒன்றுக்கு மாற்றுமாறு பணித்தார். புதிய கோப்புறை உருவாகவில்லை. ஆனால், உருவாகிவிட்டதாகவே கருவி எண்ணிக்கொண்டது. இல்லாத இடத்துக்குக் கோப்புகளை ஒவ்வொன்றாக அனுப்ப, ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு முன்னையவை அழிந்தன. பின்னர் கருவி தான் முற்றாகத் தவறிவிட்டதாக ஒப்புக்கொண்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது அந்த ஒப்புதலையே. மனிதன் ஒருவன் “என் பிழை” என்று சொன்னால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனச்சாட்சி நிற்கிறது. இழப்பை ஈடு செய்யும் கடமை நிற்கிறது. அடுத்த முறை அவன் கை தயங்கும். கருவியின் வாயிலிருந்து வரும் அதே சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்? அதை ஆக்கிய நிறுவனத்துக்குரிய பொறுப்பு அதற்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால், வீட்டுக் கோப்புகளைத் திறந்துவிட்டவர் நாம். “கணினி செய்துவிட்டது” என்ற வார்த்தை நம் கடமையைக் கழித்துவிடாது. வேலையைப் பிறர் கையில் கொடுக்கலாம்; அந்த வேலைக்குரிய பொறுப்போ நம்மிடமே நிற்கிறது.

பிறருடைய இரகசியம்

இன்னும் ஒரு விடயத்தைச் சிந்திக்க வேண்டும். நம் கணினியில் இருப்பவை எல்லாம் நம்முடையவை அல்ல. சகோதரியின் மணமுறிவு பற்றிய கடிதம், மைத்துனரின் கடன் கணக்கு, அயல்வீட்டு அம்மாவுக்காக நாம் எழுதிக் கொடுத்த விண்ணப்பம், மருத்துவ அறிக்கை, அகதி அந்தஸ்துக் கோரிய ஒருவரின் வாக்குமூலம் ஆகியவை நம்மை நம்பித் தரப்பட்டவை. பெரும்பாலான ஏ.ஐ. உதவியாளர்கள் நம் வீட்டுக் கணினிக்குள் இருந்து சிந்திப்பவை அல்ல. கோப்பில் உள்ளதை வேறு தேசத்திலுள்ள நிறுவனக் கணினிகளுக்கு அனுப்பியே வாசிக்கின்றன. ஆகவே, “எல்லாவற்றையும் வாசித்து அடுக்கு” என்று சொல்லும்போது, பிறர் நம் காதில் சொன்னதையும் சேர்த்தே கையளிக்கிறோம்.

திருச்சபை இந்த விடயத்தில் பழைய அனுபவம் உடையது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 535-ஆம் சட்டம், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றுக்கு இடாப்புகள் இருக்க வேண்டும் என்றும், அவை வெளியார் கையிற் சேராதபடி பங்குத்தந்தை கவனிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. ஞானஸ்நான இடாப்பிலே ஒருவரின் பெயருக்கு எதிரே அவருடைய உறுதிபூசுதலும், திருமணமும், குருத்துவமும் பின்னர் குறிக்கப்படுகின்றன. ஒரு மனிதரின் வாழ்வு ஓர் இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. அந்த ஒழுங்குக்குப் பெயர் சொல்லக்கூடிய ஒருவர் காவலாக இருக்கிறார். நம் நாட்டு நாடாளுமன்றமும் 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கச் சட்டமாகத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியிருக்கிறது. ஆனால், சட்டம் வீட்டுக்குள் வந்து காவல் நிற்காது. வீட்டுக்குள்ளே காவல் நிற்பது நம் மனச்சாட்சிதான்.

ஒரு நியாயமான மறுப்பு

“நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால், ஒழுங்கில்லாமற் கிடப்பதும் அழிவுதானே? தேடிக் கிடைக்காத உறுதியால் என்ன பயன்?” என்று ஒரு வாசகர் கேட்கலாம். இது வலிமையான கேள்வி. நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில், முதல் விதியே நூல்கள் பயன்படுவதற்காகவே உள்ளன என்பதாகும். வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்பதும் அந்த ஐந்தில் ஒன்று. பாதுகாப்பு என்ற பெயரில் எல்லாவற்றையும் குவித்துவைத்து, தேவைப்படும் நாளில் ஒன்றையும் எடுக்க முடியாமல் இருப்பது பாதுகாப்பே அன்று. ஓய்வூதியக் கடிதம் கிடைக்காமல் ஒரு விதவை அலுவலகம் அலுவலகமாக அலைவதற்குக் காரணம் வீட்டிலுள்ளவர்களின் அசட்டையாகவும் இருக்கலாம்.

ஆனால், அதே இரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டபோது, ஒரு நூலை எங்கே வைப்பது என்பதை அதன் அட்டையைப் பார்த்து முடிவு செய்யவில்லை. நூலின் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து ஆராயும் முறையையே வகுத்தார். ஒழுங்கு வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அந்த ஒழுங்கு நூலை அறிந்தவரின் ஆராய்ச்சியிலிருந்து வரவேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. ஆகவே, மறுப்பவருக்கு நம் பதில் இது: ஒழுங்கு செய்யுங்கள், கருவியையும் கூப்பிடுங்கள், ஆனால், நீங்கள் எழுந்து போய்விடாதீர்கள்.

செய்யத்தக்கவை

நடைமுறையில் இதை எவ்வாறு செய்வது? முதலாவதாக, எதையும் தொடுவதற்கு முன் முழுவதற்கும் ஒரு பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். இயலுமாயின் இன்னொரு பிரதியை வேறு ஊரிலுள்ள பிள்ளையிடம் கொடுங்கள். 1981 மே 31 இரவு தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்த கதையை அறிந்த நமக்கு, ஒரே இடத்தில் வைத்திருப்பதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலக முயற்சியும், நம் நூல்களையும் பத்திரிகைகளையும் உலகில் எங்கிருந்தும் வாசிக்கத்தக்கதாகத் தந்து, பிரதிகளின் பயனை நமக்கு உணர்த்துகிறது.

இரண்டாவதாக, பிறருடைய இரகசியம் அடங்கியவற்றை உங்கள் கையாலேயே முதலில் பிரித்து அப்புறப்படுத்துங்கள். மூன்றாவதாக, கருவியிடம் உடனே வேலையைச் செய்யச் சொல்லாமல், என்ன செய்யப் போகிறது என்ற திட்டத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். வாசித்துத் திருத்திய பின் சிறு பகுதியில் தொடங்கச் செய்யுங்கள். நான்காவதாக, அழிக்கும் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். சந்தேகமானவற்றை எல்லாம் ‘பார்க்க வேண்டியவை’ என்ற ஒரு கோப்புறையில் போடும்படி சொல்லுங்கள்.

ஐந்தாவது முறையே எல்லாவற்றிலும் முக்கியமானது. அந்தக் கோப்புறையைத் திறக்கும்போது வீட்டிலுள்ள மூத்தவரைப் பக்கத்தில் இருத்துங்கள். மங்கலான படத்தில் நிற்பவர் யார், அந்தக் கடிதம் எந்த ஆண்டில் வந்தது, இந்தக் கிணற்றுப் பங்கு யாருடையது என்பதை அவரிடம் கேட்டுப் பெயர் எழுதுங்கள். கருவி அறியாததை அறிந்தவர் அவர். அவர் போனபின் அந்த அறிவை எந்தக் கணினியிலும் தேடிப் பெற முடியாது. உரும்பிராய் வீட்டிலே மகனும் தாயாரும் இப்படி ஒரு மாலைப் பொழுது இருந்தால், மின்சாரப் பட்டியல்களைக் கருவி அடுக்கட்டும். தகப்பனாரின் கடிதங்களை அவர்கள் வாசிக்கட்டும். ரொறன்ரோவில் இருக்கும் மகளும் தொலைபேசியில் சேர்ந்துகொள்ளலாம்.

உழைப்பைக் குறைக்கும் எந்தக் கருவியும் வரவேற்கத்தக்கதே. அப்படிக் குறைந்த நேரத்தை எதற்குக் கொடுக்கிறோம் என்பதிலேதான் நம் ஒழுக்கம் தெரியும். அந்த நேரத்தைப் பெற்றோரோடும் பிள்ளைகளோடும் இருந்து, நம்மிடம் விட்டுச் செல்லப்பட்டவை எவை என்று அறிந்துகொள்ளச் செலவிடுவோமாயின், ஏ.ஐ. நல்ல வேலையாளாக இருக்கும். அறியவேண்டிய கடமையிலிருந்தே தப்பிக்கொள்வதற்காக அதைக் கூப்பிடுவோமாயின், அழகாக அடுக்கிய கோப்புறைகள் நம்மிடம் இருக்கும். அவற்றுக்குள் இருப்பவர்கள் யாரென்று சொல்ல வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

இந்த வார இறுதியில் உங்கள் வீட்டிலும் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாருங்கள்.